காரை அளந்தோம், ஆளை அளக்கவில்லை: சீட் கவர் தொழில் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வட்டாரங்களில் கார் சீட் கவர் தைத்தும் மாட்டியும் பிழைக்கிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

அம்பாசிடருக்கும் மாருதி 800-க்கும் ரெக்சின் தைத்த காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். எந்த மாடல் வண்டிக்கு எத்தனை மீட்டர் துணி, எந்த வளைவில் இரட்டைத் தையல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படிப்பட்டவனுக்குச் சீட்டின் மேல் நிற்கும் ஹெட்ரெஸ்ட் எதற்காக இருக்கிறது என்பது சென்ற ஆண்டுதான் தெரிந்தது. தெரிந்துகொள்ளக் கொடுத்த விலை என் கழுத்து.

அவிநாசி சாலையில் ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த சிறிய சரக்கு வேன் இடித்தது. பெரிய மோதல் இல்லை. பம்பரில் விரிசல், டிக்கிக் கதவில் ஒரு நெளிவு, அவ்வளவுதான். வேன் ஓட்டி வந்த பையன் இறங்கி வந்து கும்பிட்டான். "அடி ஏதும் படவில்லையே அண்ணா?" என்றான். "ஒன்றுமில்லை, பார்த்து ஓட்டு" என்று பெரிய மனிதனைப்போல் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையில் பாயிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. பிடரியில் ஆணி அடித்ததைப்போல் வலி. தோள்பட்டை வரை இறுகிக் கிடந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒரு குறையும் இல்லை. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்றதும் வீட்டிலேயே என்னை நம்பாமல் பார்த்தார்கள். மூன்று மாதம் தையல் இயந்திரத்தின் முன் குனிய முடியவில்லை. தீபாவளி நெருக்கத்தில் கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான்.

இயன்முறை மருத்துவரிடம் போனபோது முதல் நாளே கேட்டார்: "உங்கள் கார் ஹெட்ரெஸ்ட் எப்படி இருக்கிறது?" நான் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்: "தலையை முன்னால் தள்ளுகிறது என்று திருப்பி மாட்டிவிட்டேன். நானே சீட் கவர் கடைக்காரன்தான்." அவர் என் கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

நாம் இத்தனை நாள் நினைத்திருந்தது இதுதான்: பின்னால் இடித்தால் தலை பின்னால் வீசப்படுகிறது. உண்மையில் தலை வீசப்படுவதில்லை. இருந்த இடத்திலேயே நிற்கிறது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறபோது விசில் கேட்டு ஓட்டுநர் வெடுக்கென்று எடுத்தால் கால் முன்னே போகும், உடம்பு பின்தங்கும் அல்லவா? அதே சங்கதிதான். கார் முன்னே தள்ளப்படும்போது சீட் முதுகைத் தள்ளுகிறது. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலையைத் தள்ள அங்கே ஒன்றும் இல்லை. உடம்பு முன்னே போகிறது, தலை பின்தங்குகிறது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. தலை பின்னால் சாய்வதற்கு முன்பே கழுத்தெலும்பு வரிசை பாம்பு நெளிவதைப்போல இரட்டை வளைவாக வளைந்துவிடுகிறது. அடிக்கழுத்து ஒரு பக்கம், மேற்கழுத்து எதிர்ப்பக்கம். சிறு மூட்டுகளும் அவற்றைச் சுற்றிய சவ்வும் தசைநாரும் அந்த நெளிவில் இழுபடுகின்றன. இவ்வளவும் ஏறக்குறைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நடந்து முடிந்துவிடும். கழுத்தை இறுக்கிக்கொள்ளலாம் என்று மூளை நினைப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. சீட் பெல்ட் போட்டிருந்தேனே என்று கேட்காதீர்கள். பெல்ட் மார்பைப் பிடிக்கும், தலையைப் பிடிக்காது.

இதற்கு விப்லாஷ் என்று பெயர். சாட்டை சொடுக்கு என்று பொருள். சான் பிரான்சிஸ்கோவில் ஹெரால்ட் குரோ என்ற மருத்துவர் 1928-இல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார் என்கிறார்கள். நல்ல பெயர்தான். ஹெட்ரெஸ்ட் என்ற பெயர்தான் நம்மைக் கெடுத்தது என்பது என் எண்ணம். ரெஸ்ட் என்றதும் தலை சாய்த்து ஓய்வெடுக்கும் திண்டு என்று எடுத்துக்கொண்டோம். அப்படி எடுத்துக்கொண்டால் அது மெத்தென்று இருக்கவேண்டும், அழகாக இருக்கவேண்டும், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். சட்டமும் பொறியாளர்களும் அதை அந்தப் பெயரில் அழைப்பதில்லை. அவர்கள் பேச்சில் அது தலையைத் தடுத்து நிறுத்தும் சாதனம். முதுகு முன்னே போகிற அதே நேரத்தில் தலையையும் முன்னே கொண்டுபோவது அதன் வேலை. இரண்டும் சேர்ந்து போனால் கழுத்து வளைய இடமே இல்லை.

அப்படியானால் அது தலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. பின்மண்டைக்கும் அதற்கும் இடையே நாலு விரற்கடைக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. பத்து சென்டிமீட்டரைத் தாண்டினால் கழுத்து வலி வரும் வாய்ப்பு கூடுகிறது. உயரம் உச்சந்தலை மட்டத்துக்கு இருக்கவேண்டும். முடியாவிட்டால், அதன் மேல்விளிம்பு உச்சந்தலையிலிருந்து ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. கழுத்து மட்டத்தில் நின்றால் பாதகம். தலை அதன் மேல் மடிந்து பின்னால் போகும்.

புதிய கார்களில் ஹெட்ரெஸ்ட் முன்பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்துக் கம்பெனிக்காரனைத் திட்டாத வாடிக்கையாளர் உண்டா? நானும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கிறேன். அது கோணல் இல்லையாம், கணக்கு. அமெரிக்காவில் 2004-இல் வந்த திருத்த விதி, முன்சீட்டில் தலைக்கும் ஹெட்ரெஸ்டுக்கும் இடையே 55 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. மூன்று விரற்கடைதான் வரும். அந்த மாதிரி விதிகளுக்காக உலகம் முழுவதும் சீட்டுகளின் வடிவம் மாறியது. அந்தச் சாய்வைத்தான் நான் திருப்பி மாட்டினேன். பிடரிக்கும் அதற்கும் நடுவே ஒரு கையையே விடலாம் என்கிற அளவுக்கு இடைவெளியை நானே உண்டாக்கிக்கொண்டேன்.

நம் தொழிலுக்கு நேராகப் பொருந்தும் ஒரு கணக்கு இருக்கிறது. பொறியியல் படிக்கிற என் மகள் தேடித் தந்தாள். அமெரிக்காவில் 1969 ஜனவரி முதல் கார்களின் முன்சீட்டுக்கு இந்தத் தடுப்பு கட்டாயமானது. பதின்மூன்று ஆண்டு கழித்து, 1982-இல், அந்நாட்டு அரசு அதன் பலனை ஆராய்ந்தது. சீட்டோடு சேர்த்தே உயரமாக வார்த்த தடுப்பு, பின்னாலிருந்து இடிபடும்போது ஏற்படும் காயங்களை 17 சதவீதம் குறைத்திருந்தது. மேலும் கீழும் ஏற்றி இறக்கும் வகை 10 சதவீதம்தான் குறைத்திருந்தது. பொருள் மட்டம் என்று இல்லை. பெரும்பாலானோர் அதைக் கீழே இறக்கி வைத்தது வைத்தபடியே ஓட்டியிருக்கிறார்கள். ஏற்றும் வசதி இருந்தும் ஏற்றவில்லை.

அதைப் படித்தபோது எனக்கு உறைத்தது. அங்கே ஏற்றாமல் விட்டார்கள். நாம் ஏற்றவே முடியாதபடி தைத்துக் கொடுக்கிறோம். பின்சீட்டு ஹெட்ரெஸ்டைச் சீட்டோடு அமுக்கி, இரண்டையும் ஒரே உறைக்குள் போட்டு மூடுவது எத்தனை கடைகளில் நடக்கிறது? முன்சீட்டில் கம்பி இறங்கும் துளைக்குப் பக்கத்தில் இருக்கிற பொத்தானை ரெக்சினுக்கு அடியில் புதைத்துவிடுகிறோம். வண்டிக்காரர் நான்கு ஆண்டு ஓட்டிய பிறகும் அங்கே ஒரு பொத்தான் இருந்தது அவருக்குத் தெரியாது. பின்சீட்டு ஹெட்ரெஸ்ட் கீழே இறங்கி உட்கார்ந்திருப்பது, ஓட்டுநருக்குப் பின்கண்ணாடி மறையக் கூடாது என்பதற்காக. ஆள் உட்கார்ந்தால் ஏற்றவேண்டும் என்பதுதான் அதன் ஏற்பாடு. பயண வாடகை வண்டிகளில் அதன் மேல் உறை, உறையின் மேல் வெள்ளைத் துண்டு, துண்டின் மேல் ஓர் ஊசி. பயணி எங்கே ஏற்றுவார்?

கல்யாண முகூர்த்த நாட்களில் இன்னொரு வேண்டுகோள் வரும்: "கொண்டையும் பூவும் நசுங்குகிறது, பின்சீட்டு ஹெட்ரெஸ்டைக் கழற்றிவிடுங்கள்." கழற்றி டிக்கியில் போடுவோம். முகூர்த்தம் முடிந்த பிறகும் அது டிக்கியிலேயே கிடக்கும். இதில் எனக்கு வருத்தம் அதிகம். விப்லாஷ் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக வருகிறது. ஆனால் சீட்டைச் சோதிக்க, மோதல் சோதனையில் ஆளுக்குப் பதிலாக உட்காரவைக்கும் பொம்மை நெடுங்காலம் சராசரி ஆணின் உடம்பாகவே இருந்தது. ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும்தான் சராசரிப் பெண் உடம்புக்கு ஒரு பொம்மை செய்து சோதிக்கத் தொடங்கினார்கள். செய்த சீட்டே பெண்களை முழுதாக எண்ணிச் செய்ததில்லை என்கிறபோது, இருந்த ஒரு தடுப்பையும் நாம் கழற்றித் தருகிறோம்.

ஓர் இடையீடு. ஹெட்ரெஸ்ட் கழற்றும்படி இருப்பதே வண்டி தண்ணீரில் மூழ்கினால் கம்பியால் கண்ணாடியை உடைக்கத்தான் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி ஆண்டுதோறும் மழைக்காலத்தில் தவறாமல் வருகிறது. உடைக்க முயல்பவரை நான் தடுக்கவில்லை. ஆனால் அதற்காகச் செய்யப்பட்டதல்ல அது. இந்தச் செய்தியைப் பகிர்கிறவரின் வண்டியிலேயே அது தப்பான உயரத்தில் இருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

நம் கல்லாவில் நல்ல காசு தரும் சரக்கு இரண்டு உண்டு. ஒன்று கழுத்துத் தலையணை, மற்றொன்று முதுகுத் திண்டு. முதுகுத் திண்டு உடம்பை முன்னே கொண்டுவருகிறது, ஹெட்ரெஸ்ட் அங்கேயே நிற்கிறது, இடைவெளி கூடுகிறது. கழுத்துத் தலையணை பிடரியைத் தாங்குமே தவிர, பின்மண்டைக்கு நேரே ஒன்றுமில்லை. சீட்டுக்குள் நாம் கூடுதலாக வைக்கும் ஸ்பாஞ்ச் பற்றியும் சொல்லவேண்டும். வோல்வோ 1998-இல் கொண்டுவந்த சீட், பின்னால் இடிபட்டால் முதுகுச் சாய்வோடு சேர்ந்து பின்னால் நகர்ந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். ஸ்வீடனின் சாப் கார் கம்பெனி செய்த சீட்டில், ஆளின் முதுகு அழுந்துகிற விசையிலேயே உள்ளே ஒரு நெம்புகோல் இயங்கி ஹெட்ரெஸ்டை மேலும் முன்னும் தள்ளும். நம் ஊரில் ஓடும் வண்டிகளில் அவ்வளவு நுணுக்கம் எல்லாவற்றிலும் இல்லை. என்றாலும் முதுகு எவ்வளவு அழுந்தும் என்று கணக்குப் போட்டுத்தான் சீட் செய்கிறார்கள். அந்தக் கணக்கில் நம் இரண்டங்குல ஸ்பாஞ்ச் கிடையாது.

"இதெல்லாம் வெளிநாட்டுக் கவலை, நம் சாலையில் உயிர் தப்பினால் போதாதா?" என்று சங்கக் கூட்டத்தில் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். அரசு அறிக்கைப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்தில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. ஆனால் அதே அறிக்கையில், மோதல் வகைகளில் மிகுதியானது பின்னாலிருந்து இடிப்பது. ஐந்தில் ஒன்றுக்கு மேல். அதில் இருசக்கர வண்டியும் லாரியும் சேர்த்திதான், எல்லாம் கார் இல்லை. காரில் இருந்து என்னைப்போல் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனவர் எந்தக் கணக்கிலும் ஏறமாட்டார். புது வண்டியை மோதவிட்டுப் பார்த்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் அரசுத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியபோது, முன்பக்க மோதல், பக்கவாட்டு மோதல், கம்பத்தில் மோதல் ஆகியவற்றைத்தான் வைத்து மதிப்பிட்டது. ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி என்பதாலேயே அதன் சீட் பிடரியைக் காக்கும் என்று பொருள் இல்லை. ஐரோப்பாவில் இதே மாதிரி நட்சத்திரம் தரும் மதிப்பெண்ணில் 2009 முதல் விப்லாஷ் சோதனையும் சேர்ந்துவிட்டது. இங்கேயும் சேர்க்கவேண்டும். அதை அமைச்சகத்துக்குத் தனியாக எழுதுகிறேன். நம் கையில் இருப்பது ஊசியும் கத்திரியும்.

சீட் நன்றாக இருந்தால் பலன் உண்டா என்பதற்கு ஒரு கணக்கு மட்டும். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 2008-இல் பார்த்தது: மோசம் என்று மதிப்பிடப்பட்ட சீட்டுகளோடு ஒப்பிட்டால், நன்று என்று மதிப்பிடப்பட்டவற்றில் கழுத்துக் காயம் 15 சதவீதம் குறைவு. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் காயம் 35 சதவீதம் குறைவு. அந்த மூன்று மாதம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

நம்மால் மாற முடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் வந்தபோது என்ன செய்தோம்? முதலில் அதன் மேலும் இழுத்துத் தைத்தோம். பிறகு ஏர்பேக் சீட்டு எது என்று பார்த்து, அந்தப் பக்கம் திறப்பு விட்டுத் தைக்கக் கற்றுக்கொண்டோம். அந்தத் திறப்பை இன்று விளம்பரமே செய்கிறோம். அதைவிட இது எளிது. ஹெட்ரெஸ்டுக்குத் தனி உறை. கம்பித் துளைக்கும் பொத்தானுக்கும் வெட்டுவழி. மாட்டி முடித்ததும் ஐந்து ஹெட்ரெஸ்டையும் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே சாவியைக் கொடுப்பது. கழற்றச் சொன்னால் மறுப்பது. இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம்: வண்டிக்காரரை அவர் சீட்டில் உட்காரவைத்து, சாய்வை நிமிர்த்தி, உயரம் பார்த்து நாமே ஏற்றிக் கொடுப்பது. சட்டை தைப்பவர் ஆளை அளக்காமல் துணியில் கை வைப்பாரா? நாம் மட்டும் இத்தனை காலம் காரை அளந்தோம், அதில் உட்காரப்போகிறவரை அளந்ததே இல்லை. அரை நிமிட வேலை. நான் ஆறு மாதமாகச் செய்கிறேன். முதல் வாரம் சிரித்தார்கள். இப்போது வீட்டுக்காரம்மாவையும் கூட்டி வந்து பார்க்கச் சொல்கிறார்கள்.

எல்லோரும் அல்ல. சென்ற வியாழக்கிழமை ஒருவர் வெள்ளைக் காரில் வந்தார். ஓட்டுநர் சீட்டு ஹெட்ரெஸ்டைத் திருப்பி மாட்டிக் கொடுக்கச் சொன்னார். முடியாது என்றேன், காரணமும் சொன்னேன். என் கழுத்தின் கதையையும் சொல்லிப் பார்த்தேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். அந்த வேலைக்கு அடுத்து அவர் போகிற கடை உங்களுடையதாக இருக்கலாம். பின்கண்ணாடியில் மயில் படம் ஒட்டியிருக்கும். வந்தால் நீங்களும் முடியாது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
கோயம்புத்தூர்.