சனிக்கிழமை மாலை ஆட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல். வேலை நேரம் போக இங்கே என்ன செய்கிறேன், யாரோடு பழகுகிறேன் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். சனிக்கிழமை மாலைகளில் உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவரின் வீட்டில் கூடி, ‘பிட்ரேயல் அட் பால்டர்ஸ் கேட்’ என்ற பலகை விளையாட்டை ஆடுகிறோம். இங்குள்ளவர்களோடு எனக்கு நெருக்கம் உண்டானதே அந்த மேசையில்தான் என்பதால், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2004-இல் வெளிவந்த ‘பிட்ரேயல் அட் ஹவுஸ் ஆன் தி ஹில்’ என்ற திகில் விளையாட்டை மாயாஜாலக் கதையுலகத்துக்குக் கொண்டுவந்து, 2017-இல் இதை வெளியிட்டார்கள். பழையதில் பாழடைந்த பங்களா ஒன்றுக்குள் நுழைவோம். இதிலோ கொலைத் தெய்வத்தின் நிழல் கவிந்த ஒரு நகரத்தின் தெருக்களிலும் கட்டடங்களிலும் நிலவறைகளிலும் சேர்ந்தே தேடி அலைகிறோம். வரைபடம் கிடையாது. புதிய வாசலைத் தாண்டும்போதெல்லாம் அடுக்கிலிருந்து ஓர் அட்டையைத் திருப்பி வைக்க, நகரம் நம் கண்ணெதிரே வளர்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்திறமை ஒன்றைக் கொடுத்திருப்பது இந்த வடிவத்தின் சிறப்பு.

அலைச்சலின் நடுவே சகுன அட்டைகள் வரும். எத்தனை சகுனங்கள் வெளிவந்தனவோ அத்தனை பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 6 அல்லது அதற்கு மேல் வந்தால் விபரீதம் தொடங்கிவிடும். பகடையின் முகங்களில் 0, 1, 2 மட்டுமே உள்ளதால், மூன்றாவது சகுனத்துக்கு முன்பு எதுவும் நடக்காது. மூன்றாவதிலும் வாய்ப்பு 27-இல் 1-தான். ஆனால் ஒவ்வொரு சகுனத்துக்கும் கையில் ஒரு பகடை கூடிக்கொண்டே போகும். பயம் இப்படிக் கைக்கே எட்டுவதால், பழைய விளையாட்டில் இருந்த பகடை முறையைவிட இதுவே எனக்குப் பிடித்திருக்கிறது.

தொடங்கியபின், 50 கதைகளுள் ஒன்று அமைகிறது. பெரும்பாலும் எங்களில் ஒருவர் துரோகியாகிறார். அவர் தமக்குரிய விதிநூலை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவார். மற்றவர்கள் வேறொரு நூலைத் தணிந்த குரலில் படிப்போம். ஒரு தரப்பின் நோக்கம் மறுதரப்புக்குத் தெரியாது. சற்றுமுன் தம்மிடமிருந்த பொருளை எனக்குக் கொடுத்து உதவியவர், நூலை மார்போடு அணைத்தபடி திரும்பி வந்து அதே நாற்காலியில் அமர்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். அலுவலகத்தில் அளந்து பேசும் இந்த ஊர்க்காரர்கள், அந்த நேரத்தில் மட்டும் முகத்தை மறைக்க முடியாமல் தவிப்பார்கள். யார் எதற்கு அஞ்சுவார், யார் தன்னை விட்டுக்கொடுத்துப் பிறரைக் காப்பார் என்பதையெல்லாம் நான் அறிந்துகொண்டது அப்போதுதான். சில கதைகள் ஒரு தரப்புக்கே சாதகமாகச் சாய்ந்துவிடும் என்பது உண்மை. தோற்கிறோம் என்று தெரிந்தும் கடைசிவரை கூடி நிற்பதில் ஒரு நிறைவு இருப்பதால், எனக்கு அது குறையாகப் படவில்லை.

உனக்கும் ஒரு பெட்டி வாங்கி அனுப்பலாம் என்றிருக்கிறேன். மூன்று பேர் முதல் ஆறு பேர் வரை ஆடலாம். ஆனால் மூவர் மட்டும் என்றால், துரோகியை எதிர்க்க இருவர்தான் மிஞ்சுவீர்கள். இன்னும் இரண்டு தோழிகளையாவது சேர்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்