பிஞ்சுகளை ஏன் கிள்ளினேன்

பாலிக் புலாவ், பினாங்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். பின்கொல்லையில் நிற்கும் டுரியான் பழமரம் முதன்முறையாகப் பிஞ்சு பிடித்ததைக் கேட்டு மகிழ்ந்த நீ, அவற்றில் பெரும்பகுதியை நான் கிள்ளிவிட்டேன் என்றதும் வருந்தினாய். மரம் இதுவரை கடந்து வந்த பருவங்களை அறிந்தால் காரணம் உனக்கே விளங்கும்.

டுரியான் கொட்டை காய்ந்துவிட்டால் முளைக்காது. ஈரத்தோடு மண்ணில் வைத்தால் சில நாள்களிலேயே முளைவிடும். அப்படி வளர்ந்த நாற்றின்மேல், 1993இல் டி197 என்ற எண்ணில் பதிவான மூசாங் கிங் டுரியான் இனத்தின் கிளையை ஒட்டுக்கட்டிய கன்றுதான் நம்முடையது. கொட்டை மரம் காய்க்க 10 ஆண்டுகள்கூட ஆகலாம். ஒட்டுக்கன்றோ 5 ஆண்டுகளிலேயே பூத்துவிடும். ஆனால், அந்த வயதில் கிளைகள் பாரம் தாங்கும் அளவுக்குத் தடித்திருப்பதில்லை.

சில வாரங்கள் தொடர்ந்து வெயில் அடித்தால்தான் மரம் பூக்கும். இவ்வாண்டு தை மாதத்து வறட்சிக்குப் பின், கிளைகளின் அடிப்புறத்தில் கடுகு போல மொட்டுகள் அரும்பி, மெல்லப் பருத்துக் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பூ பிற்பகலில் விரியத் தொடங்கி, இரவில் மகரந்தம் தந்து, விடிவதற்குள் இதழ்களை உதிர்த்துவிடுகிறது. டுரியான் பெரும்பாலும் தன் மகரந்தத்தால் நன்றாகக் காய் பிடிக்காது. அந்தச் சில மணி நேரத்துக்குள் அயல் தோட்டத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பவை, குகைகளில் வாழும் தேனுண்ணும் வௌவால்கள். பழத்தைக் கெடுக்கும் என்று எண்ணி அவற்றைக் கொல்வோரை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பூத்த முதல் மாதத்தில் பிஞ்சுகள் தாமாகவே ஏராளமாக உதிரும். அந்நேரம் மரம் துளிர்த்தால் சத்தெல்லாம் இலைக்குப் போய் இன்னும் கொட்டும் என்பதால், தழைச்சத்து உரத்தை நிறுத்தி வைத்தேன். எஞ்சியவற்றில் கிளை நுனியில் இருந்தவற்றையும் கோணலானவற்றையும் நீக்கிவிட்டு, அடிமரத்தை ஒட்டிய தடித்த பகுதிகளில் மட்டும் கொத்துக்கு ஒன்றாக விட்டிருக்கிறேன். ஒரு பழமே 2 கிலோ வரை எடை ஏறும். எல்லாவற்றையும் வளரவிட்டால் கிளை முறியும், மரமும் இளைத்து அடுத்த ஆண்டு பூக்காமல் போகலாம்.

பூத்த பின் பழுக்க மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். தாய்லாந்தில் செய்வதுபோல் மரத்திலிருந்து வெட்டாமல், பழம் தானாக விழும்வரை நாம் காத்திருப்பதால் எந்த நாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஜூன் தொடக்கத்தில் விழும் பழங்களைத் தாங்க அப்பா மரத்தடியில் வலை கட்டிவிடுவார். அம்மாதக் கடைசியில் உனக்கு விடுப்பு கிடைக்குமா என்று எழுது.

அன்புடன்,
அம்மா