லேப்டாப் விற்பவர்கள் முழு மாடல் எண்ணைக் காட்ட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓணத்தை ஒட்டி உங்கள் நாளிதழில் வந்த லேப்டாப் விளம்பரங்களைக் கத்தரித்து எடுத்து வைத்திருக்கிறேன். மொத்தம் பதினொன்று. எல்லாவற்றிலும் அதே நான்கு விவரங்கள்தான் இருக்கின்றன: பிராசசரின் பெயர், 16 ஜிபி, 512 ஜிபி, 15.6 அங்குலம். அதற்குக் கீழே மாதத் தவணை எவ்வளவு, இலவசமாகத் தரும் பை என்ன நிறம் என்பது வரை இருக்கிறது. பொருளின் முழு மாடல் எண் ஒன்றில்கூட இல்லை. அந்த எண் தெரியாமல் வாங்கியதால் எனக்கு நேர்ந்ததை எழுதினால், இந்த மாவட்டத்தில் கடை வைத்திருக்கும் நாலு பேருக்காவது பயன்படும் என்பதால் இந்தக் கடிதம்.

மார்த்தாண்டத்தில் ஒரு மாடி அறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்கும் வியாபாரிகள், இரண்டு அண்டி ஆபீஸ்கள் (வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரிப் பருப்பு ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்), குளச்சலில் ஒரு ஐஸ் பிளாண்ட், இன்னும் சில்லறைக் கடைகள் என முப்பதுக்கு மேற்பட்டவர்களின் வரவு செலவு என் மேசைக்கு வருகிறது. மாதம் 11-ஆம் தேதி ஒரு ஜிஎஸ்டி படிவம், 20-ஆம் தேதி இன்னொன்று. அந்த இரண்டு தேதிகளில் லேப்டாப் நின்றுபோனால் என் வேலையும் நின்றுபோகும்.

2019-இல் அவசரத்துக்கு ஒன்று வாங்கினேன். 4 ஜிபி நினைவகம், 128 ஜிபி சேமிப்பு. "பின்னால் கூட்டிக்கொள்ளலாம் மேடம்" என்று விற்றவர் சொன்னார், நம்பினேன். டேலி என்ற கணக்கு மென்பொருளில் மூன்று நிறுவனங்களைத் திறந்து, பக்கத்தில் எக்செல்லும் ஜிஎஸ்டி தளமும் திறந்தால் அது மூச்சு வாங்கும். ஓராண்டு பொறுத்துக்கொண்டு, நினைவகத்தைக் கூட்டலாம் என்று பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் பின்மூடியைக் கழற்றி எனக்குக் காட்டினார். மாட்டுவதற்கு இடமே இல்லை. நினைவகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. சேமிப்பும் அப்படித்தான், தனியாகக் கழற்றும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்புப் பலகை இல்லை, இஎம்எம்சி என்று சொல்லப்படும் சில்லு அது. விலை குறைந்த லேப்டாப்களில் அதைத்தான் வைக்கிறார்கள். எஸ்எஸ்டியைவிட மெதுவானது, தேவைப்பட்டால் மாற்றவும் முடியாது.

அதன் முழு விளைவு அடுத்த ஆண்டு ஒரு மாதம் 14-ஆம் தேதி காலையில் தெரிந்தது. லேப்டாப் உயிர் பெறவில்லை. எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் கழற்றி வேறொரு கணினியில் மாட்டிக் கணக்கை மீட்டிருக்கலாம். பலகையோடு ஒட்டிய சில்லை என்ன செய்வது? உத்தரவாதம் இரண்டாண்டு இருந்தது. ஆனால் அது வீட்டுக்கு வந்து பழுது பார்க்கும் உத்தரவாதம் இல்லை, நாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது. பெட்டியின் ஓரத்தில் சிறு எழுத்தில் அச்சிட்டிருந்ததை அன்றுதான் வாசித்தேன். சர்வீஸ் சென்டர் திருநெல்வேலியில். மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறி, நாகர்கோவில் வடசேரியில் மாறி, போய்வர ஒரு முழுப் பகல். கொடுக்க ஒரு பகல், வாங்க ஒரு பகல், நடுவில் பத்தொன்பது நாள். என்னிடம் இருந்த பேக்கப் பன்னிரண்டு நாள் பழையது. நான்கு வியாபாரிகளின் 20-ஆம் தேதிப் படிவம் தாமதமானது. நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், செலுத்த வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் என் கையிலிருந்து கட்டினேன். தொகை பெரிதில்லை. ஆனால் அந்த நால்வரில் ஒருவர், என் அப்பா காலத்திலிருந்து கணக்கு கொடுத்தவர், அடுத்த மாதம் நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். அது இன்றும் மனத்தில் கிடக்கிறது.

அடுத்ததை வாங்க ஐந்து வாரம் எடுத்துக்கொண்டேன். திருவனந்தபுரத்தில் வேலை செய்யும் என் அண்ணன் மகன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். "மாமி, பெயரைப் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள்" என்பதுதான் அவனுடைய முதல் பாடம். இன்டெல் பிராசசர்களில் ஐ5 என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை, ஐ5-1235யு என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. கடைசி எழுத்து யு என்றால் 15 வாட் அளவில் மின்சாரம் குறைவாக எடுப்பது. எச் என்றால் 45 வாட், வேகம் கூடுதல், சூடும் கூடுதல், பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசசர்களில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. 7000 வரிசை லேப்டாப் சில்லுகளில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 7520யு என்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர் (உள்ளே கணக்கிடும் பிரிவுகள்). 7530யு என்பது அதற்கு அடுத்த ஜென் 3, ஆறு கோர். இரண்டுமே "ரைசன் 5" என்ற பெயரில்தான் விற்பனைக்கு வருகின்றன. எண்ணைப் போடாமல் பெயரை மட்டும் போடும் விளம்பரத்தை வைத்து ஒரு மளிகைக் கடைக்காரர் எதைத் தெரிந்துகொள்வார்?

பழைய லேப்டாப்பைச் சீரமைத்து விற்கும் கடைகள் நாகர்கோவிலில் இப்போது அதிகமாகிவிட்டன. அவற்றில் நல்ல பொருளும் இருக்கிறது, நானே ஒருவருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ7-ஐ "ஐ7 சார்" என்று சொல்லி விற்கிறார்கள். வங்கிக் கணக்கையும் வரிக் கணக்கையும் அதில் வைத்துக்கொள்ளப் போகிறவர், பெயரில் ஏழு இருப்பதைப் பார்த்து மகிழக் கூடாது.

ஒரு விஷயத்தில் நான் அண்ணன் மகன் பேச்சைக் கேட்கவில்லை. 14 அங்குலம், ஒன்றே கால் கிலோ எடையில் அழகான லேப்டாப் ஒன்றை எடுக்கச் சொன்னான். அந்த அளவில் வரும் பெரும்பாலான லேப்டாப்களில் வலப்பக்கம் எண் விசைகள் தனியாக இருப்பதில்லை. ஒரு நாளில் நானூறு பில் ஏற்றுகிறவளின் வலது கை, கண் பார்க்காமலே அந்தப் பதினேழு விசைகளில் ஓடும். அதை எடுத்துவிட்டால் என் வேலை பாதியாகும். அதனால் 15.6 அங்குலமே வாங்கினேன், அரைக் கிலோ கூடுதல் என்றாலும். கடைக்குக் கடை, தோட்டத்துக்குத் தோட்டம் அலையும் விற்பனையாளருக்கு அவன் சொன்னதுதான் சரி. வடசேரியில் கோயில் நகை செய்து படம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் திரையின் நிறத்தைப் பார்க்க வேண்டும்; திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்று இரண்டு அளவுகள் உண்டு, விவரப் பட்டியலில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று இருந்தால் கல்லின் சிவப்பு அதில் மங்கலாகத்தான் தெரியும், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று கேட்க வேண்டும். எனக்கு அந்தச் செலவு வீண். நான் கேட்டது வெளிச்சம். கடை வாசலில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு 250 நிட் போதாது, 300 நிட்டாவது வேண்டும். பளபளப்பில்லாத திரையாக இருக்க வேண்டும்.

பேட்டரியைப் பற்றி எழுதாமல் குமரி மாவட்டத்துக்காரர் யாரும் லேப்டாப் பற்றி எழுத முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ஜிஎஸ்டி வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கரண்ட் இல்லாத அந்த டிசம்பரில் ஜெனரேட்டர் இருந்த வீடுகளைத் தேடி லேப்டாப்பைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறேன். "12 மணி நேரம் வரை" என்று விளம்பரத்தில் போடுவதை விட்டுவிடுங்கள். பேட்டரி எத்தனை வாட் ஹவர், அதாவது எவ்வளவு மின்சாரம் அதில் சேரும் என்று கேளுங்கள். 42 வாட் ஹவர் என்றால், பத்து வாட் எடுக்கும் வேலைக்கு நாலேகால் மணி நேரம்கூட முழுதாக வராது. இரண்டு ஆண்டில் அதுவும் குறையும். கணக்கு அவ்வளவுதான். டைப் சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்றும் கேளுங்கள், ஏறுமென்றால் வேறொருவரின் தகுந்த சார்ஜர் இருந்தாலும் வேலை நடக்கும்.

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் யுஎஸ்பி துளைகளின் உலோகம் அரிப்பதை என் ஐஸ் பிளாண்ட் வாடிக்கையாளரின் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். அமெரிக்க ராணுவத் தரம் 810 (MIL-STD-810) என்று பல பிசினஸ் லேப்டாப்களின் பெட்டியில் போட்டிருக்கிறது. அது ஒரே சோதனை இல்லை, பல சோதனைகளின் தொகுப்பு. தயாரிப்பாளர் அவற்றில் தமக்கு வேண்டியவற்றைத் தேர்ந்து செய்யலாம். உப்புப் புகைச் சோதனை அதில் 509 என்ற தனி எண்ணில் இருக்கிறது. கீழே விழுந்தால் உடையாது என்ற சோதனையை மட்டும் செய்துவிட்டு அதே பெயரைப் போட்டிருக்கக்கூடும். கடலோரத்தில் வாங்குகிறவர் 509 உண்டா என்று கேட்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நினைவகம் 16 ஜிபி, அதுவும் ஒரு இடமாவது காலியாக இருந்தால் நல்லது. சேமிப்பு என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருக பழைய வகை யுஎஸ்பி துளை குறைந்தது இரண்டு வேண்டும். மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் அது இருப்பதில்லை. அலுவலகத்தில் விட்டுவந்த லேப்டாப்பை வீட்டிலிருந்து விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இயக்க வேண்டுமென்றால் அலுவலகத்து லேப்டாப்பில் விண்டோஸ் ஹோம் போதாது, புரோ வேண்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் தங்கள் எண்ணைக் கொடுத்துத்தான் பில் வாங்க வேண்டும். 59,000 ரூபாய்க்கு வாங்கினால் அதில் 9,000 வரி. தொழிலுக்குப் பயன்படுத்துவதென்றால் அதை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். எத்தனையோ வியாபாரிகள் மகன் பெயரில் சாதா பில் வாங்கிவந்து என்னிடம் நீட்டுகிறார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

கடைக்காரர்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை, அவர்களில் பலர் என் வாடிக்கையாளர்கள். நான் கேட்பது ஒரு காகிதம். ஒவ்வொரு லேப்டாப்பின் பக்கத்திலும் முழு மாடல் எண், பிராசசரின் முழு எண், நினைவகம் கூட்ட முடியுமா முடியாதா, சேமிப்பு எந்த வகை, பேட்டரி எத்தனை வாட் ஹவர், திரை எத்தனை நிட், உத்தரவாதம் வீட்டுக்கு வருமா நாம் போக வேண்டுமா, போவதென்றால் எந்த ஊர் என்று தமிழில் எழுதி ஒட்டட்டும். உங்கள் நாளிதழும் லேப்டாப் விளம்பரம் வாங்கும்போது முழு மாடல் எண்ணையாவது போடச் சொல்ல வேண்டும். ஒரு வரி இடம்தான் பிடிக்கும்.

அந்தக் காகிதத்தின் மாதிரி ஒன்றை நானே எழுதி வைத்திருக்கிறேன். மார்த்தாண்டத்தில் இரண்டு கடைகளில் கொடுத்தேன், ஒருவர் வாங்கி ஒட்டியிருக்கிறார். கிறிஸ்துமஸ் விற்பனை தொடங்குவதற்கு முன் உங்கள் வணிகப் பக்கத்தில் அதை வெளியிட இடம் தருவீர்கள் என்றால் உடனே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் வாசகி,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.