கையுறை போட்டுக்கொள்

அன்புள்ள அபிக்குட்டிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வேளச்சேரி சித்தி வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர், வழக்கம்தான். பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வந்த கணுக்கால் வீக்கம் எனக்கு இன்னும் வடியவில்லை. அழுத்தினால் குழி விழுகிறது. கீழ் வீட்டு மாமி கேட்டாள்: "கால்சியம் மாத்திரையும் போடறீங்க, கால்சியத்தை அடைக்கிற மாத்திரையும் போடறீங்க, ரெண்டும் உள்ளே சண்டை போடாதா?" ஆம்லோடிபின் அடைப்பது ரத்தக்குழாய்த் தசையின் கால்சியம் வாசலை, அதனால் குழாய் தளர்கிறது, எலும்புக்குப் போகிற கால்சியம் வேறு என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "உங்க பொண்ணு டாக்டரா?" என்றாள். அதுக்கும் மேலே என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கர்வம்தான், போகட்டும். மாமா பெண் தினமும் போன் செய்கிறாளாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம், அந்த விஷம். சோடியம் சானலை, அதாவது நரம்பில் சோடியம் நுழைகிற வாசலை, அடைக்க ஆய்வகத்தில் டெட்ரோடோடாக்சின் எடுக்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னாயே, பேத்தை மீன் விஷம்தானே அது? சானலின் வெளிவாயில் தக்கை மாதிரி உட்கார்ந்துகொண்டால் நரம்பில் செய்தி போகாது, மூச்சு விடும் தசைகூட நின்றுவிடும் என்றும் நீயே சொன்னாய். கையுறை போட்டுக்கொள். ராத்திரி தனியாக அதை எடுக்காதே. அலமாரிச் சாவி உன்னிடமா இருக்கிறது? வேறு யாரிடமாவது கொடுத்து வைத்தால் என்ன? கையுறை மறக்காதே.

நேற்று நீ வாட்ஸ்அப்பில் கடைசியாக இருந்தது உங்கள் ஜெர்மனி நேரப்படி விடிகாலை மூன்று மணி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். விஞ்ஞானி ஓட்டோ லோவியும் மூன்று மணிக்குத்தான் ஆய்வகத்துக்கு ஓடினார். ஆனால் அவர் கனவு கண்டு எழுந்தவர், தூங்கினால்தானே கனவு வரும்? ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பை, துடிப்பைக் குறைக்கிற நரம்பை, தூண்டி, அது நனைந்திருந்த திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. 1921 சோதனை. 28 வருஷம் வகுப்பில் சொன்னேன், உன் பதினொன்றாம் வகுப்பிலும்.

அன்றைக்கு எழுந்து நின்று, "குறைக்கணுமா கூட்டணுமான்னு இதயத்துக்கு எப்படி மிஸ் தெரியும்?" என்று கேட்டாய். வீட்டில் அம்மா, அங்கே மிஸ். "இது பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன். எனக்குத் தெரியாது அபி. நாற்பது பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. நீ உட்கார்ந்தாய். ராத்திரி சாப்பிடும்போதும் கேட்கவில்லை. அதற்கப்புறம் எதையுமே என்னிடம் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

பதிலையும் நீதான் பல வருஷம் கழித்துப் போனில் சொன்னாய். லோவியின் திரவத்தில் இருந்த அசிட்டைல்கோலின், இதயச் செல்லின் மேலுள்ள ரிசெப்டரில் பட்டதும் உள்பக்கம் ஜி புரதம் பிரிகிறது. பீட்டா-காமா துண்டு நேரே போய்ப் பொட்டாசியம் சானலைத் திறக்கிறது. பொட்டாசியம் வெளியேற, அடுத்த துடிப்பு தள்ளிப்போகிறது. அட்ரினலினுக்கு வேறொரு ஜி புரதம், அது சுற்றுவழியில் கால்சியம் சானலைத் தூண்டும். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன மாதம் நீ "ஒண்ணுமில்லம்மா" என்றாய். நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், என்ன ஆச்சு? கேமரா போட வேண்டாம். உனக்கு மூன்று மணி என்றால் எனக்கு ஏழரை, காபி போட்டுக்கொண்டு போன் பக்கத்தில்தான் இருப்பேன்.

அம்மா