மோட்டார் வாங்கும் முன் கணக்குப் போடு

அன்புள்ள கயல்,

நீ வாங்கியிருக்கும் கேட்டலினா 30 கிட்டத்தட்ட 4,600 கிலோ எடையுள்ள பாய்மரப் படகு. அதிலிருக்கும் அட்டாமிக் 4 பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு மின்மோட்டார் வைப்பது நல்ல முடிவு. அடித்தளத்தில் பெட்ரோல் ஆவி தேங்கித் தீப்பிடிக்குமோ என்ற பயம் அத்தோடு தீரும். எத்தனை கிலோவாட் மோட்டார் என்று கேட்டிருந்தாய். எந்த வேகத்தில் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று முதலில் முடிவு செய். மோட்டார் அதற்குப் பிறகு.

அலையில்லாத நீரில் இந்தப் படகை 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் ஓட்ட ஏறக்குறைய 2 கிலோவாட் போதும். 5 நாட் வேகத்துக்கு 4 கிலோவாட் வேண்டும், 6 நாட் வேகத்துக்கு 8-ஐத் தாண்டும். 280 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 16-ஐத் தொடராக இணைத்தால் 51.2 வோல்ட், 14.3 கிலோவாட்-மணி கிடைக்கும். அதில் 11.5-ஐ மட்டும் கணக்கில் வை. 4 நாட் வேகத்தில் ஐந்தரை மணி நேரம் ஓடி 22 கடல் மைல் போகலாம். 6 நாட் வேகத்தில் ஒன்றரை மணிக்குள், 8 மைலிலேயே பேட்டரி தீர்ந்துவிடும்.

நீ ஓட்டப்போவது சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில். ஓதம் வடியும்போது கோல்டன் கேட்டில் நீரோட்டம் 4 நாட்டுக்கு மேலும் போகும். 3 நாட் எதிரோட்டம் என்றாலே, 4 நாட் வேகத்தில் ஓடும் படகு மணிக்கு ஒரு மைல்தான் முன்னேறும். முழு பேட்டரியும் ஐந்தாறு மைலில் காலி. ஓத அட்டவணையைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்க்காதே. காற்று இருக்கும்வரை பாயில் ஓடு. 10 கிலோவாட் மோட்டாரே வாங்கு, ஆனால் அதன் முழு பலம் பக்கக்காற்றில் துறைக்குள் நுழையும்போது படகைப் பிடித்து நிறுத்தத்தான்.

பலரும் கவனிக்காத ஒன்று: ப்ரொப்பெல்லர் படகைத் தள்ளும் விசையை இதுவரை தாங்கியது பழைய கியர்பாக்ஸ். எஞ்சின் போனால் அதுவும் போகும். வெறும் மோட்டாரை ஷாஃப்டில் (ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டில்) மாட்டினால் அந்தத் தள்ளுவிசை மோட்டாரின் பேரிங்கில் இறங்கிச் சீக்கிரமே அதைத் தின்றுவிடும். தள்ளுவிசையைத் தாங்கும் தனி பேரிங்கோடு வரும் அமைப்பாகப் பார்த்து வாங்கு. பழைய ப்ரொப்பெல்லர் இடப்பக்கமாகச் சுற்றும் வகை. மோட்டாருக்கு அது பிரச்சினையில்லை, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரில் திசையை மாற்றினால் போதும். ஆனால் கியர் குறைப்பு இல்லாத எஞ்சினுக்கான சின்ன ப்ரொப்பெல்லர் அது. மோட்டார் இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும்படி 2:1 குறைப்பு வைத்தால் பெரியது தேவைப்படும்.

ஷாஃப்ட் இணைப்பை நேர்ப்படுத்துவதைப் படகு நீரில் மிதக்கும்போது செய். கரையில் தாங்கு கட்டைமேல் நிற்கும்போது உடல் லேசாக வளைந்திருக்கும். ஷாஃப்ட் முனையிலும் மோட்டார் பக்கமும் இருக்கும் இரண்டு ஃபிளேஞ்சுக்கும் (இணைப்புத் தட்டுக்கும்) நடுவே, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டு நான்கு பக்கமும் அள. 4 அங்குல ஃபிளேஞ்சுக்கு இடைவெளி வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கூடினால் அதிர்வு வரும், ஷாஃப்ட் வழியே நீர் கசியும்.

முழு பலத்தில் 200 ஆம்பியர் ஓடும். டின் பூசிய 70 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போடு. கேபிள் முனையில் மாட்டும் உலோக லக்கைச் சுத்தியலால் தட்டி இறுக்காதே. அழுத்தி இறுக்கும் ஹைட்ராலிக் கிரிம்பர் வேண்டும். ஓர் இணைப்பில் ஒரு மில்லிஓம் தடை சேர்ந்தாலே 150 ஆம்பியரில் 22 வாட் சூடு அந்த ஒரு போல்ட்டில் இறங்கும். ஓட்டிப் பார்த்த முதல் அரை மணியில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு லக்கின் சூட்டையும் வெப்பமானியால் பார். பேட்டரிக்கு மிக அருகில் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் வை. லித்தியம் ஷார்ட் ஆனால் பாயும் ஆயிரக்கணக்கான ஆம்பியரைச் சாதாரண ஃபியூஸ் அறுக்க முடியாமல் தீப்பொறியைத் தொடரவிடும். மோட்டார் கன்ட்ரோலரை இணைக்கும் முன் சில நொடி ஒரு ரெசிஸ்டர் வழியே அதன் கெபாசிட்டரை நிரப்பு, இல்லாவிட்டால் கான்டாக்டர் (பெரிய மின்சுவிட்ச்) ஒட்டிக்கொள்ளும்.

செல்களைத் தொடராகக் கோர்க்கும் முன் அத்தனையையும் பக்க இணைப்பில் (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) 3.65 வோல்ட்டுக்கு ஏற்றிச் சமன்செய். இதை விட்டால் ஒரு செல் முன்னதாகக் காலியாகி, பேட்டரி மேலாண்மைப் பலகை துறைமுக வாசலிலேயே மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும். அதனால்தான் வானொலிக்கும் விளக்குக்கும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்க வேண்டும்.

சோலாரைக் கடைசியில் வை. 100 வாட் பேனல் நான்கு படுக்கையாக இருந்தால் வெயில் நாளில் ஒன்றரை கிலோவாட்-மணி போல வரும். கோடையில் அங்கே மூடும் மூடுபனியில் குறையும். வார நாட்களில் கட்டிக் கிடக்கும் படகை நிரப்ப அது உதவும், ஓடும்போது தள்ளாது. துறையில் 120 வோல்ட் இணைப்பு இருப்பதால் முதல் வருடம் சார்ஜர் போதும். பிறகு பேனல் போட்டால், 12 வோல்ட் பேனல் இரண்டைத் தொடராக வைத்து இந்த 51.2 வோல்ட் பேட்டரியை நிரப்ப முடியாது. நான்கும் தொடராக வேண்டும், குளிர்காலைத் திறந்தநிலை வோல்ட்டேஜ் 100-ஐ நெருங்குவதால் சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் 150 வோல்ட்டுக்கானதாக இருக்கட்டும். பாயின் நிழல் ஒன்றின்மேல் விழுந்தாலும் நான்கும் தளரும்.

பெட்ரோல் டாங்கை எடுத்ததும், மேல்தளத்தில் இருக்கும் நிரப்பு மூடியையும் கழற்றி ஓட்டையை நிரந்தரமாக அடை. மூடி இருந்தால் யாராவது பழக்கத்தில் பெட்ரோலை ஊற்றிவிடுவார்கள், அது நேராகப் படகுக்குள் இறங்கும். ஷாஃப்ட் விட்டத்தையும் எஞ்சின் தாங்கு கட்டைகளின் இடைவெளியையும் அளந்து அனுப்பும்மா, தாங்கு சட்டத்தின் அளவைப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா