சமோவா ரக்பி: சொல்லாமல் விட்ட ஒரு பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் விளையாட்டுப் பகுதியில் சமோவா நாட்டு ரக்பியைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் இதழ்களில் அரிதாகவே பேசப்படும் ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் கட்டுரை முழுவதும் சமோவா வீரர்களின் தோள்வலிமையும் எடையும் மோதும் வேகமுமே திரும்பத் திரும்பப் பேசப்பட்டனவே தவிர, அவர்கள் ஆட்டத்தை எப்படி யோசிக்கிறார்கள், ஓர் அணியை எப்படி உருவாக்கி நடத்துகிறார்கள் என்பதைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. பசிபிக் தீவினர் உடலைத் தருபவர்கள், மூளையைத் தருபவர்கள் வேறு யாரோ என்ற எண்ணம் ரக்பி உலகில் நெடுங்காலமாக வேரோடியிருக்கிறது. அந்த எண்ணத்தால் நேரடியாகக் காயப்பட்டவரும், பிறகு அதைத் தன் வேலையாலேயே பொய்யாக்கியவருமான, சமோவாவின் முன்னாள் கேப்டனாகவும் பின்னாளில் கிளப் அணிகளின் பயிற்சியாளராகவும் அறியப்பட்ட பாட் லாமின் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் வராததால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

லாம் 1968இல் ஆக்லாந்தில், சமோவா வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். சமோவாவின் மக்கள்தொகை சுமார் 2 லட்சம்; ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் சமோவா வம்சாவளியினர் நியூசிலாந்தில் வாழ்கிறார்கள். எனவே நியூசிலாந்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் சமோவாவுக்கு ஆடுவது அங்கே இயல்பான செய்தி. அவர் ஆடியது எட்டாம் எண் இடத்தில். இரு அணிகளின் முன்னணி ஆட்டக்காரர்கள் தோள்கோத்துக் குனிந்து ஒருவரையொருவர் தள்ளும் ஸ்கிரம் கூடும்போது கடைசியில் குனிந்து நின்று, முன்னால் இருப்பவர்களின் கால்களுக்கிடையே உருண்டு வரும் பந்தைத் தன் பாதத்தால் தடுத்து நிறுத்துபவர் இவர்தான். பந்தை அங்கேயே வைத்துக்கொண்டு எதிரணியை இன்னும் நெருக்கித் தள்ளுவதா, தானே எடுத்துக்கொண்டு ஓடுவதா, பின்னால் காத்திருக்கும் ஒன்பதாம் எண் ஆட்டக்காரரிடம் விடுவதா என்பதை ஓரிரு நொடிகளுக்குள் அவர் முடிவு செய்தாக வேண்டும். கட்டுரையாளர் போற்றிய உடல் வலு இந்த இடத்துக்குத் தேவைதான். ஆனால் அது மட்டும் இருந்தால் யாரும் மூன்று உலகக் கோப்பைகளில் இங்கே நிலைத்துவிட முடியாது.

1987இல் நடந்த முதல் உலகக் கோப்பைக்கு ஃபிஜியும் டோங்காவும் அழைக்கப்பட்டன. அப்போது மேற்கு சமோவா என்று பெயர் கொண்டிருந்த இந்த நாடு அழைக்கப்படவில்லை. தகுதிச் சுற்றைக் கடந்து அடுத்த கோப்பைக்கு வந்த அந்த அணி, 1991 அக்டோபர் 6 அன்று கார்டிஃப் நகரில் வேல்ஸை அதன் சொந்த மண்ணிலேயே 16-13 என்று வீழ்த்திக் காலிறுதிக்கும் சென்றது. லாம் அந்த அணியில் இருந்தார். 1995இல் மீண்டும் காலிறுதி. 1999இல் அவரே கேப்டன். அதே கார்டிஃபில், புதிதாகக் கட்டப்பட்ட மில்லினியம் மைதானத்தில், மறுபடியும் வேல்ஸை 38-31 என்று வென்றார்கள். வேல்ஸ் வீரர்களின் பாஸ் ஒன்றை இடையில் பறித்துக்கொண்டு ஓடி அவர் போட்ட ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி பெறுவது) அந்த ஆட்டத்தில்தான் வந்தது. எதிரணியின் அடுத்த அசைவை முன்கூட்டியே படிக்கத் தெரிந்தவருக்கே அத்தகைய பந்து கையில் சிக்கும்.

இங்கிலாந்தில் அவர் கிளப் ரக்பி ஆடிய ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997-98 பருவத்தில் நியூகாசில் அணியோடு இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர்ஷிப் பட்டம்; 2000 மே மாதம் நார்தாம்ப்டன் கேப்டனாக ஐரோப்பாவின் ஹைனகன் கோப்பை. ட்விக்கன்ஹாமில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் நார்தாம்ப்டன் ஒரு ட்ரை கூடப் போடவில்லை. பால் கிரேசன் உதைத்த மூன்று பெனால்டிகளால் அயர்லாந்தின் மன்ஸ்டரை 9-8 என்று வென்றது.

பயிற்சியாளராக ஆக்லாந்து மாகாண அணிக்கு 2005, 2007 ஆகிய இரு ஆண்டுகளிலும் தேசியப் பட்டத்தை வென்று தந்த பிறகு, 2009இல் ஆக்லாந்தை மையமாகக் கொண்ட ப்ளூஸ் அணியின் தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்தது. 2011இல் அந்த அணி, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்க அணிகள் மோதிய சூப்பர் ரக்பி தொடரில் அரையிறுதி வரை சென்றது. அடுத்த ஆண்டு தோல்விகள் தொடர்ந்தன. தோற்கும் பயிற்சியாளரை விமர்சிப்பது விளையாட்டில் வழக்கந்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆண்டு வானொலி நேயர் நிகழ்ச்சிகளிலும் இணையத்திலும் அவர் மீது விழுந்தவை ஆட்டத்தைப் பற்றிய விமர்சனங்கள் அல்ல. அவருடைய இனத்தைச் சுட்டிய வசைகள். பயிற்சியாளரும் வீரர்களில் பலரும் தீவினராக இருப்பதே தோல்விக்குக் காரணம் என்ற அளவுக்குப் பேச்சு போனது. தன் குடும்பத்தினரும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதைச் செய்தியாளர்களிடம் சொன்னபோது அவர் மிகவும் மனம் கலங்கிப் பேசினார். வெள்ளையரான ஒரு பயிற்சியாளர் தோற்றால், அவர் தேர்ந்தெடுத்த ஆட்ட முறை தவறு என்பார்கள். லாம் தோற்றபோது அவர் பிறந்த இனத்தின் அறிவையே சந்தேகித்தார்கள். அந்தப் பருவத்தோடு ப்ளூஸ் அவரை விட்டுவிட்டது.

அடுத்து அவர் சென்ற இடம் அயர்லாந்தின் மேற்குக் கோடியில் இருக்கும் கானாக்ட். அயர்லாந்தின் நான்கு மாகாண அணிகளில் அல்ஸ்டர், மன்ஸ்டர், லென்ஸ்டர் மூன்றும் ஐரோப்பியக் கோப்பையை வென்றவை. கானாக்ட் அதுவரை எந்தப் பெரிய பட்டத்தையும் தொட்டதில்லை. செலவு கட்டுப்படியாகவில்லை என்று 2003இல் இந்த அணியையே மூடிவிட அயர்லாந்து ரக்பிச் சங்கம் யோசித்தபோது, ரசிகர்கள் டப்ளின் வீதிகளில் ஊர்வலம் போய்த் தடுக்க வேண்டியிருந்தது. கால்வே நகரில் அவர்கள் ஆடும் மைதானத்தைச் சுற்றிலும் வேட்டைநாய்ப் பந்தயத்துக்கான ஓடுபாதை. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் காற்றும் மழையும் அங்கே ஓய்வதே இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் பந்தை உதைத்து எதிரணியின் பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருப்பதே புத்திசாலித்தனம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். லாம் அதற்கு நேர்மாறாகச் செய்தார். ஸ்கிரமில் முட்டித் தள்ளுவதற்காக மட்டுமே இருப்பவர்கள் என்று கருதப்படும் கனத்த முன்வரிசை ஆட்டக்காரர்களையும், பந்தைக் கைமாற்றவும் வெற்றிடம் எங்கே திறக்கிறது என்று பார்க்கவும் பழக்கினார். தங்கள் ட்ரை கோட்டுக்கு அருகிலிருந்தே கையால் பந்தை நகர்த்தி முன்னேறும் துணிவை அந்த அணிக்குக் கொடுத்தார்.

அவர் பொறுப்பேற்ற மூன்றாவது பருவத்தில், 2016 மே 28 அன்று, எடின்பரோவின் மர்ரேஃபீல்டு மைதானத்தில் லென்ஸ்டரை 20-10 என்று தோற்கடித்துக் கானாக்ட், அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி அணிகள் ஆடிய ப்ரோ12 தொடரின் பட்டத்தை வென்றது. மூன்று ட்ரைகள் போட்டார்கள். அவற்றில் ஒன்றில், நைஜீரியாவில் பிறந்த நியி அடியோலோகுன், பந்தைத் தானே முன்னால் உதைத்துவிட்டுத் தடுக்க வந்தவர்களைத் தாண்டி ஓடித் தானே அதை எடுத்துத் தரையில் பதித்தார். கேப்டன் ஜான் முல்டூன், தோல்வியே வழக்கமாயிருந்த ஆண்டுகளிலும் வேறு அணிக்குப் போகாமல் அங்கேயே இருந்தவர். சமோவாப் பெற்றோருக்கு ஆக்லாந்தில் பிறந்த பண்டி ஆக்கியை கானாக்டுக்கு அழைத்து வந்தவரும் லாம்தான். ஆக்கி பிறகு அயர்லாந்துக்காக இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடினார். பணபலம் மிகுந்த அணிகளுக்கு மத்தியில் பெற்ற இந்த வெற்றியை, ஐரோப்பிய ரக்பியில் ஒரு பயிற்சியாளரின் சிந்தனைக்கே முழுதும் உரிய வெற்றிகளில் முதல் வரிசையில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2017இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்குச் சென்றவர், இரண்டாம் நிலையில் இருந்த அந்தக் கிளப்பை மறு ஆண்டே பிரீமியர்ஷிப்புக்கு உயர்த்தினார். 2020 அக்டோபரில் பிரான்சின் துலோன் அணியை 32-19 என்று வென்று ஐரோப்பிய சேலஞ்ச் கோப்பையைப் பெற்றது பிரிஸ்டல். 2021இல் பட்டியலில் முதலிடம் பிடித்தும், சொந்த மைதானத்தில் நடந்த அரையிறுதியில் 28-0 என்று முன்னிலையில் இருந்த பிறகு, கூடுதல் நேரத்தில் ஹார்லிக்வின்ஸிடம் 43-36 என்று தோற்றது. அவ்வளவு பெரிய முன்னிலையைக் காப்பாற்ற ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. அவருடைய முறையில் இருக்கும் ஆபத்து அது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது, இம்முறை விவாதம் அவருடைய ஆட்டத் திட்டத்தைப் பற்றி நடந்தது என்பதே. பயிற்சியாளர் எவருக்கும் கிடைக்க வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது. 2012இல் அதுகூட அவருக்கு மறுக்கப்பட்டது.

பிரிஸ்டலில் அவருடைய கேப்டனாக இருந்த ஸ்டீவன் லுவாட்டுவா முன்பு நியூசிலாந்துக்கு ஆடியவர். ஒரு நாட்டுக்கு ஆடிய வீரர், மூன்று ஆண்டுகள் விலகியிருந்த பிறகு தன் பிறப்பாலோ பெற்றோர் வழியிலோ உரிமையுள்ள வேறொரு நாட்டுக்கு மாறலாம் என்ற விதி 2022இல் நடைமுறைக்கு வந்ததால், 2023 உலகக் கோப்பையில் அவர் சமோவாவின் நீலச் சட்டையை அணிந்தார். அந்த அணியின் பயிற்சியாளர் செய்லாலா மாப்புசுவாவும் சமோவாவுக்காக இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடியவர். அவர் வழிநடத்திய அணி இங்கிலாந்திடம் 18-17 என்று ஒரே புள்ளியில்தான் தோற்றது. நியூசிலாந்தின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவரான மைக்கேல் ஜோன்ஸும் ஒரு காலத்தில் சமோவாவின் பயிற்சியாளராக இருந்திருக்கிறார். ஆகவே லாம் ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

அடுத்த உலகக் கோப்பை 2027இல் ஆஸ்திரேலியாவில் நடைபெற இருக்கிறது. அதையொட்டித் தாங்கள் வெளியிடும் கட்டுரைகளில் சமோவாவைப் பற்றி எழுதும்போது வீரர்களின் உயரத்தையும் எடையையும் தரும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே, அந்நாடு தந்த பயிற்சியாளர்களுக்கும் அவர்களுடைய ஆட்ட முறைகளுக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கானாக்டின் அந்த 2015-16 பருவத்தை ஆட்டம் ஆட்டமாக விளக்கும் ஒரு தனிக் கட்டுரையை வெளியிட்டால், ரக்பிக்குப் புதியவர்களும் விரும்பிப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்