விலக்குப் படிவத்தின் அந்தப் பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவிட் தடுப்பூசி போட்டுக்கொள்ளாத ஊழியரைப் பல்கலைக்கழகம் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லலாமா என்பது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் பதிவேட்டுப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்க்கிறேன்; பெருந்தொற்றுக் காலத்தில் தொழிற்சங்கப் பிரதிநிதியாகவும் இருந்தேன். கட்டாயம் சரியா தவறா என்ற கேள்வியோடு கட்டுரை நின்றுவிட்டது. எங்கள் ஊழியர்கள் அல்லாடியதெல்லாம் அதற்கு அடுத்த படியில், தடுப்பூசியிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பித்த இடத்தில்தான்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரியில், இரண்டாம் அலையின்போது, என் பெரிய அண்ணனைப் பறிகொடுத்தோம். இந்த நாட்டில் சுகாதாரப் பணியாளர்களுக்கே பிப்ரவரி 17ஆம் தேதிதான் முதல் ஊசி போடப்பட்டது. அண்ணனுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. எனவே, என் முறை வந்த அன்றே போய் வரிசையில் நின்று போட்டுக்கொண்டேன்; அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இருந்ததில்லை.

2021 ஜூன் 11ஆம் தேதி வேலைவாய்ப்பு, தொழிலாளர் துறை வெளியிட்ட நெறிமுறை, தடுப்பூசியைக் கட்டாயமாக்குவதா என்பதை ஒவ்வொரு முதலாளியும் தன் பணியிடத்தின் ஆபத்தை மதிப்பிட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும் என்றது. மறுக்கும் ஊழியரோடு முதலில் ஆலோசனை நடத்த வேண்டும். அவர் விரும்பினால் தொழிற்சங்கத்தின் வழிகாட்டலைப் பெற அனுமதிக்க வேண்டும். மருத்துவக் காரணத்தாலோ, அரசியலமைப்பின் 12, 15ஆம் பிரிவுகள் தரும் உடல்மீதான உரிமை, மத நம்பிக்கை ஆகியவற்றாலோ மறுத்தால், வீட்டிலிருந்தோ தனியறையிலோ அல்லது என்95 முகக்கவசம் அணிந்தோ வேலை செய்ய இயன்ற ஏற்பாட்டைச் செய்து தர வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஆண்டின் இறுதியில் கேப் டவுன், ஜோகன்னஸ்பர்கின் விட்ஸ் (விட்வாட்டர்ஸ்ராண்ட்) போன்ற பல்கலைக்கழகங்கள் கட்டாயக் கொள்கையை ஏற்றபோது எல்லாரும் எடுத்துக்காட்டியது இந்த நெறிமுறையைத்தான். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் மாடியைத் துப்புரவு செய்யும் ஜூலு அம்மையார் ஒருவர் உண்டு. வயதுக்கு மதிப்பளித்து 'மா' என்றே அவரை அழைப்போம். பல ஆண்டுகளுக்கு முன் பென்சிலின் ஊசி போட்டபோது நாக்கு வீங்கி, மூச்சு முட்டி, மருத்துவமனையில் கிடந்தவர். அந்தப் பயத்தில் விலக்குக் கேட்டார். படிவத்தில் காரணம் எழுத நான்கு கோடுகள் இருந்தன. அவருக்கு ஆங்கிலத்தில் எழுத வராததால் என் மேசையில் அமர்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்றாவது கோட்டிலேயே இடம் முடிந்துவிட்டது. அதன்பின் சிறப்பு மருத்துவரின் சான்றிதழ் கேட்டார்கள். முதலாளி மறுபரிசோதனைக்கு அனுப்பினால் அந்தச் செலவு முதலாளியுடையது. முதல் சான்றிதழுக்கான செலவோ ஊழியர் தலையில் விழுந்தது. தனியார் மருத்துவரிடம் போக அவரிடம் பணமில்லை, அரசு மருத்துவமனையிலோ பல வாரம் தள்ளித்தான் தேதி கிடைத்தது. அதுவரை சம்பளமில்லா விடுப்பு என்றார்கள். அதே கட்டடத்தில் விலக்குக் கேட்ட விரிவுரையாளர் ஒருவர், வீட்டு மேசையிலிருந்து ஜூமில் பாடம் நடத்திக்கொண்டு முழுச் சம்பளம் வாங்கினார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் துடைப்பத்தை ஜூமில் பிடிக்க முடியாதே! இயன்ற ஏற்பாடு என்னும் சொல் யாருக்கு இயன்றதைக் குறிக்கிறது என்பதை அந்த வாரங்களில்தான் கண்டேன்.

கடைசியில் நடந்தது இன்னும் வேதனையானது. மருந்தகத்துச் செவிலியர் ஒருவர் அவரை உட்காரவைத்து, பென்சிலின் ஒவ்வாமை இந்தத் தடுப்பூசிக்குத் தடையல்ல, ஊசியில் உள்ள குறிப்பிட்ட பொருள்களுக்கு ஒவ்வாமை இருந்தால்தான் விலக்கு, போட்டுக்கொண்ட பிறகு அரைமணி நேரம் இங்கேயே இருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஜூலுவில் விளக்கினார். 'மா' அன்றே போட்டுக்கொண்டார். நெறிமுறையில் எழுதியிருந்த அந்த ஆலோசனையை முதல் நாளே யாராவது நடத்தியிருந்தால், ஒரு மாதத்துக்கு மேலான சம்பளம் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும். பல்கலைக்கழகத்துக்கும் தடுப்பூசி போட்ட ஊழியர் ஒருவர் முன்னதாகவே கிடைத்திருப்பார்.

மதக் காரணங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாரியம்மனைக் கும்பிடுபவர்களுக்கு இதில் தடை உண்டா என்று அதிகாரி ஒருவர் என்னிடமே கேட்டார். அம்மை கண்டால் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டி, ஆத்தாளுக்குக் கூழ் வார்த்த அதே தாய்மார்கள், பிள்ளைகளை இடுப்பில் தூக்கிப்போய் அம்மை குத்திக்கொண்டும் வந்ததாக என் ஆயா சொல்வார் என்று பதில் சொன்னேன். இருந்தாலும், ஒருவருடைய நம்பிக்கை உண்மையா என்று மனிதவளப் பிரிவு அதிகாரி எடைபோடுவது எனக்கு ஒப்பவில்லை. மருத்துவ விவரங்கள் அடங்கிய அந்தப் படிவங்கள் மேற்பார்வையாளரின் மேசையில் திறந்து கிடந்ததும் ஒப்பவில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலேயே முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று சிலர் சொல்லக்கூடும். கேப் டவுன் பல்கலைக்கழகம் 2022இலேயே கட்டாயத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு ஜூன் 22ஆம் தேதி முகக்கவச விதியும் நீங்கியது. ஆனால் தடுப்பூசியை மறுத்தவரைப் பணிநீக்கியது நியாயம் என்று 2022 ஜனவரியில் ஒரு வழக்கிலும், நியாயமல்ல என்று ஜூனில் இன்னொரு வழக்கிலும் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சமரச, நடுவர் ஆணையத்தின் நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். அடுத்த கொள்ளைநோய் வரும்போது எந்தத் தீர்ப்பை நம்பி ஊழியர் நிற்பது? கோவிட் கிருமியைச் சேர்த்துக்கொண்ட, பணியிட நோய்க்கிருமிகள் பற்றிய 2022ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன; ஆகவே இதைப் பழங்கதை என்று ஒதுக்க முடியாது.

பல்கலைக்கழகங்கள் இந்த அமைதியான காலத்திலேயே விலக்கு நடைமுறையைத் திருத்தி எழுத வேண்டும். முதல் சான்றிதழின் செலவையும் அவையே ஏற்கட்டும்; படிவம் மேற்பார்வையாளரிடம் போகாமல் வளாக மருந்தகத்துக்குப் போகட்டும்; முடிவு வரும்வரை சம்பளம் நிற்காதிருக்கட்டும்; படிவம் ஜூலுவிலும் கிடைக்கட்டும். காரணம் எழுத நான்கு கோடுகளுக்கு மேல் இடமும் விட்டால் நல்லது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்.